சாறு யாருக்கு? இறைச்சி யாருக்கு?

தீபாவளிக்கு முதல் நாள் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் ஆடு கூறு போடப்படும் காட்சியை நாம் எல்லோரும் அறிவோம். வாழை இலையில் கூறுகள் வரிசையாக இருக்கும். தொடையும் நெஞ்சும் முதலில் போய்விடும். கால்கள் கடைசியில்தான் கைமாறும். அந்தக் கால்களை வாங்கி வரும் வீட்டில் ஒரு பெரிய பானை அடுப்பேறும். பிள்ளைத்தாய்ச்சிக்கும், காய்ச்சலில் கிடந்து எழும்பிய பிள்ளைக்கும், இருமும் கிழவருக்கும் ஆளுக்கொரு கோப்பை சாறு கிடைக்கும். "எலும்புக்கு நல்லது, குடி" என்பார்கள். பானையின் அடியில் கிடக்கும் இறைச்சித் துண்டுகள் வேலைக்குப் போகும் ஆண்களின் தட்டுக்குப் போகும்.

பிள்ளைத்தாய்ச்சிக்கும் நோயாளிக்கும் முதலிடம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் மிக நல்லது. ஆனால் அந்தக் கோப்பையில் நாம் நினைக்கும் சத்து உண்மையில் இருக்கிறதா? மாதத்தில் ஒரு தடவையோ, ஆண்டில் இரண்டு மூன்று தடவையோ மட்டும் இறைச்சி வாங்கக்கூடிய குடும்பத்துக்கு இது சிறிய கேள்வியல்ல. வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்து நலன்புரி நிலையத்திலோ, தற்காலிகக் கொட்டிலிலோ, புதிய குடியேற்றத்திலோ வாழும் குடும்பத்துக்கு இன்னும் பெரிய கேள்வி.

எந்தத் துண்டு இது?

ஆட்டுக்கால் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு பகுதிகள் உண்டு. குளம்பை ஒட்டிய கீழ்ப்பகுதியில் தோலும் நரம்பும் எலும்புமே அதிகம். இறைச்சி இல்லை என்றே சொல்லலாம். அதற்கு மேலே, முன்னங்காலிலும் பின்னங்காலிலும் உள்ள கெண்டைப் பகுதியில்தான் நல்ல சதை இருக்கிறது. நடுவில் நல்லி எலும்பும் அதனுள்ளே மச்சையும் இருக்கும். மேல்நாடுகளில் செம்மறிக் குட்டியின் கெண்டைக்காலை விருந்துணவாக மெதுவாக வேகவைத்துப் பரிமாறுகிறார்கள். எமது பகுதியில் கடையில் கிடைப்பது பெரும்பாலும் வெள்ளாட்டு இறைச்சியே. செம்மறியானாலும் வெள்ளாடானாலும் இந்தத் துண்டின் தன்மையும் சமைக்கும் முறையும் ஒன்றுதான்.

ஆடு நாள் முழுவதும் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து மேய்கிறது. அதனால் கெண்டைக்கால் தசை கடினமானது. தசைநார்களைக் கட்டிப் பிடித்திருக்கும் சவ்வு அதில் அதிகம். அவசரமாக வறுத்தால் செருப்புத் தோல் போல் இருக்கும். ஆனால் தண்ணீரில் இரண்டு மூன்று மணித்தியாலம் மெல்லிய தீயில் இருந்தால் அந்தச் சவ்வு கரைந்து பசையாக மாறும். சாறு ஆறியதும் களி போல் உறைவது இந்தப் பசையினால்தான்.

அதில் உள்ள சத்து என்ன?

எலும்பு நீக்கிய 100 கிராம் பச்சை இறைச்சியில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. இரத்தத்துக்குத் தேவையான இரும்புச்சத்தும், பிள்ளைகளின் வளர்ச்சிக்கும் காயம் ஆறுவதற்கும் தேவையான துத்தநாகச் சத்தும், விற்றமின் பி12 உம் உண்டு. இந்த பி12 மரக்கறியிலோ தானியத்திலோ இயற்கையாகக் கிடைப்பதில்லை. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்தே கிடைக்கிறது.

இரும்புச்சத்தைப் பற்றி இன்னொரு விடயத்தையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பை உடல் குறைவாகவே உறிஞ்சுகிறது. இறைச்சியில் உள்ள இரும்பை அதைவிட எளிதில் உறிஞ்சுகிறது. அத்துடன் சிறிதளவு இறைச்சி சேர்ந்தால், அதே சாப்பாட்டில் உள்ள கீரையின் இரும்பும் கூடுதலாக உடலில் சேரும். ஆகவே, இரண்டு துண்டு இறைச்சியுடன் ஒரு பிடி முருங்கை இலை சேர்ந்த சாப்பாடு, இரண்டையும் வெவ்வேறு நாட்களில் உண்பதைவிட மேலானது.

சாற்றில் இருப்பதும் இல்லாததும்

இப்போது அந்தக் கோப்பைச் சாற்றைப் பார்ப்போம். அதில் உப்பு உண்டு, சுவை உண்டு, சிறிது கொழுப்பு உண்டு, பசை உண்டு. பசியைத் தூண்டும், தொண்டைக்கு இதமாக இருக்கும், காய்ச்சல்காரருக்குத் தேவையான நீரைக் கொடுக்கும். இவையெல்லாம் நன்மைகளே. ஆனால் இறைச்சியின் புரதத்திலும் இரும்பிலும் துத்தநாகத்திலும் பெரும்பகுதி இறைச்சியிலேயே தங்கிவிடுகிறது. எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் எவ்வளவு கொதித்தாலும் மிகச் சிறிதளவே தண்ணீரில் கரைகிறது. மச்சை பெரும்பாலும் கொழுப்பே.

உறையும் பசையும் புரதம்தானே என்று கேட்கலாம். புரதம்தான், ஆனால் முழுமையான புரதம் அல்ல. உடல் தானாக உண்டாக்க முடியாத, உணவிலிருந்தே பெற வேண்டிய அமினோ அமிலங்களில் ஒன்றான திரிப்டோபன் அதில் அறவே இல்லை.

இந்த உண்மையை உலகம் கற்றுக்கொண்ட கதை எம்மைப் போன்றவர்களுக்கு நெருக்கமானது. 1679 இல் டெனிஸ் பப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் ஆவியை அடைத்துச் சமைக்கும் பாத்திரம் ஒன்றைச் செய்தார். இன்றைய பிரஷர் குக்கரின் மூதாதை அது. கடினமான எலும்பும் அதில் மெத்தென்று ஆனது. எறியப்படும் எலும்பிலிருந்து ஏழைகளுக்கு மலிவான உணவு செய்யலாம் என்ற ஆசை அப்போதே பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் டார்சே என்ற இரசாயன அறிஞர் எலும்பிலிருந்து பசையைப் பிரித்தெடுத்துச் சூப்பாக்கும் முறையைப் பரப்பினார். வைத்தியசாலைகளிலும் ஏழைகளுக்கான விடுதிகளிலும் அது பரிமாறப்பட்டது. உண்டவர்கள் தேறவில்லை என்று முறைப்பாடுகள் எழுந்தன. இதை ஆராய பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் ஒரு குழுவை அமைத்தது. மஜாண்டி என்ற உடலியல் அறிஞர் அதற்குத் தலைமை தாங்கினார். பசையை மட்டும் கொடுத்து வளர்த்த நாய்கள் மெலிந்து மாண்டன. 1841 இல் குழு தனது முடிவை வெளியிட்டது: இந்தப் பசையால் மட்டும் உயிரைத் தாங்க முடியாது.

ஏழைக்குச் சாறு, மற்றவருக்கு இறைச்சி என்ற பங்கீடு பாரிஸ் விடுதியில் நடந்தாலும் எமது அடுப்படியில் நடந்தாலும் விளைவு ஒன்றே. அங்கே அதைச் செய்தவர்கள் அதிகாரிகள். இங்கே நாம் அன்பினால் செய்கிறோம்.

எமது பிள்ளைகளின் உயரம்

2016 இல் நடத்தப்பட்ட குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வு ஓர் உண்மையைச் சொன்னது. நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு ஏறக்குறைய 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் இது 100க்கு ஏறக்குறைய 32. ஏறத்தாழ இரண்டு மடங்கு. இது பரம்பரை என்று சிலர் தள்ளிவிடுவதுண்டு. ஆனால் கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் போதிய உணவு கிடைக்காமையும், அடிக்கடி வரும் நோயும், தாயின் இரத்தச் சோகையும் இதற்குப் பெரிய காரணங்கள் என்பது நன்கு அறியப்பட்டது.

இடம்பெயர்வு இந்த நிலையை இன்னும் மோசமாக்குகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தின் மலைகளைக் குலைத்தபோதும், தப்பியவர்கள் பாடசாலைகளிலும் மண்டபங்களிலும் தங்கினார்கள். இப்படியான வேளைகளில் உலர் உணவுப் பொதி வருகிறது. அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியவை வயிற்றை நிரப்பும். ஆனால் கோழியும் ஆடும் மாடும் தோட்டமும் போய்விட்டன. பொதியில் இல்லாதது மாமிசமும் பச்சை மரக்கறியுமே. ஆகவே அரிதாகக் கிடைக்கும் ஒரு கிலோ ஆட்டுக்காலை யார், எப்படி உண்கிறார்கள் என்பது முக்கியமாகிறது.

வாங்கும்போது

அனுமதிபெற்ற இறைச்சிக் கடையில் வாங்குங்கள். சதை சிவப்பாக, விரலால் அழுத்தினால் மீண்டு வருவதாக இருக்க வேண்டும். பிசுபிசுப்போ கெட்ட மணமோ இருந்தால் வாங்க வேண்டாம். நோயில் செத்த ஆட்டை மலிவாகக் கூறு போடுகிறார்கள் என்றால் பக்கத்தில் போகாதீர்கள். குளம்புப் பகுதியைத் தவிர்த்து, கெண்டைப் பகுதியைக் கேளுங்கள். நிறையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ எலும்பாக இருக்கும் என்பதைக் கணக்கில் வைத்து விலை பேசுங்கள். கடைக்காரரிடமே நான்கைந்து துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் கத்தியால் கொத்தினால் எலும்புச் சில்லு பிள்ளைகளின் தொண்டையில் சிக்கக்கூடும்.

சமைக்கும் முறை

ஆறு பேருக்கு வேண்டியவை: ஆட்டுக் கெண்டைக்கால் 1 கிலோ, பாசிப்பயறு அல்லது பருப்பு ஒரு கைப்பிடி, சின்ன வெங்காயம் 10, வெள்ளைப்பூடு 8 பல்லு, இஞ்சி ஒரு விரல் துண்டு, மல்லி 2 மேசைக்கரண்டி, மிளகு, சீரகம் தலா 1 தேக்கரண்டி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு, முருங்கை இலை இரண்டு பிடி, தேசிக்காய் 1.

1. இறைச்சியைக் கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி அரை மணித்தியாலம் வையுங்கள். முற்றிய ஆடாக இருந்தால், பச்சைப் பப்பாசிக் காயில் ஒரு சிறு துண்டை அரைத்துச் சேர்த்தால் இறைச்சி விரைவில் மெதுவாகும்.

2. பானையில் சிறிது எண்ணெய் விட்டு வெங்காயம், பூடு, இஞ்சி, கறிவேப்பிலையை வதக்கி, இறைச்சியைப் போட்டு நாலா பக்கமும் நிறம் மாறும்வரை புரட்டுங்கள்.

3. இரண்டு லீற்றர் தண்ணீர் விட்டுக் கொதிக்க வையுங்கள். மேலே வரும் நுரையை அகற்றுங்கள். வறுத்துப் பொடித்த மல்லி, மிளகு, சீரகத்தைச் சேருங்கள்.

4. கொதித்ததும் விறகை வெளியே இழுத்துத் தீயைக் குறையுங்கள். பானை "களக் களக்" என்று குதிக்கக் கூடாது. ஒன்றிரண்டு குமிழி மட்டும் வரவேண்டும். பலமாகக் கொதித்தால் சவ்வு விரைவில் கரையாது; இறைச்சிதான் சுருங்கி உலரும். விறகும் வீணாகும். இரண்டு முதல் மூன்று மணித்தியாலம் மூடி வையுங்கள்.

5. கடைசி முக்கால் மணித்தியாலத்தில் பயற்றைச் சேருங்கள். இறைச்சி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தால் பதம் சரி.

6. இறக்குவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன் முருங்கை இலையைப் போடுங்கள். இறக்கியபின் தேசிப்புளி விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் அதிலுள்ள விற்றமின் சி குறைந்துவிடும். இந்த விற்றமின் கீரையின் இரும்பை உடல் உறிஞ்ச உதவுகிறது.

சோறு, குரக்கன் ரொட்டி, குரக்கன் பிட்டு எதனுடனும் உண்ணலாம். பிரஷர் குக்கர் உள்ளவர்களுக்கு முக்கால் மணித்தியாலம் போதும்.

விறகு இல்லாதவர்களுக்கு

"மூன்று மணித்தியாலம் எரிக்க விறகுக்கு எங்கே போவது?" என்ற கேள்வி நியாயமானது. 2022 இல் சமையல் எரிவாயு கிடைக்காமல் நகரத்தவர்களும் விறகுக்கு அலைந்ததை நாம் மறக்கவில்லை. இதற்கு வைக்கோல் பெட்டி நல்ல வழி. உலகப் போர்க் காலங்களில் ஐரோப்பியக் குடும்பங்களும் எரிபொருளை மிச்சப்படுத்த இதையே பயன்படுத்தின.

ஒரு மரப்பெட்டி, பெரிய கூடை அல்லது மட்டைப்பெட்டியை எடுங்கள். அடியிலும் சுற்றிலும் ஒரு சாண் கனத்துக்கு உலர்ந்த வைக்கோலையோ பழைய துணியையோ நெருக்கி அடையுங்கள். பானை இறுக்கமாக இருக்க நடுவில் குழி விடுங்கள். வைக்கோல் நிரப்பிய ஒரு சாக்குத் தலையணை மேல் மூடியாகும். இறைச்சியை முப்பது நாற்பது நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, மூடியைத் திறக்காமல், கொதி அடங்குமுன் பானையை உள்ளே வைத்து மூடிவிடுங்கள். நான்கைந்து மணித்தியாலம் தொடவேண்டாம். பானையில் முக்கால் பங்குக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சூடு நிற்காது. பயறு சேர்ப்பதானால் முதலிலேயே ஊறவைத்துச் சேருங்கள்.

திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் பெட்டி சரியில்லை என்று பொருள். அந்த இளஞ்சூட்டில் நஞ்சூட்டும் கிருமிகள் பெருகும். நீண்ட நேரம் அப்படிக் கிடந்த உணவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். ஆவி பறந்தாலும் உண்ணுமுன் பத்து நிமிடம் மீண்டும் கொதிக்க வையுங்கள். கீரையும் தேசிப்புளியும் அப்போது சேரலாம்.

பங்கிடும் முறை

சமையலைவிட முக்கியமான கட்டம் இதுதான். இறைச்சியை எலும்பிலிருந்து பிரித்து, எலும்புச் சில்லு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பங்கிடுங்கள்.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் மற்ற உணவும் தொடங்க வேண்டும். நன்றாக வெந்த இறைச்சியை நாராகப் பிய்த்து, நசித்து, குழைத்த சோற்றுடன் ஒரு மேசைக்கரண்டி அளவு கொடுக்கலாம். குழந்தைக்கு எடுக்கும் பங்கில் உப்பும் மிளகும் குறைவாக இருக்க, அதை முன்னரே பிரித்து வேகவைப்பது நல்லது. வெறும் சாற்றைக் கொடுத்தால் அந்தச் சிறிய வயிறு தண்ணீரால் நிறைந்துவிடும். சத்துள்ள உணவுக்கு இடமிராது.

பிள்ளைத்தாய்ச்சிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இறைச்சியும் சாறும் சேர்ந்தே கொடுக்க வேண்டும். அவர்கள் கடைசியாகச் சாப்பிடும் வழக்கம் உள்ள வீட்டில், அவர்களுடைய பங்கை முதலிலேயே எடுத்து மூடி வையுங்கள். இறைச்சி உண்பதால் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. கர்ப்பகாலத் தேவையை உணவால் மட்டும் ஈடுசெய்வது கடினம்.

கொழுந்து பறித்து வாழும் எமக்கு இதைச் சொல்வது சங்கடமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: சாப்பாட்டுடன் தேநீர் குடித்தால் அதிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பை, முக்கியமாகக் கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பை, உடலில் சேரவிடாது. பிளேன்டியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். அதற்குப் பதிலாகப் பிபிலைத் தோடம்பழமோ, கொய்யாப்பழமோ, தேசிக்காய்த் தண்ணீரோ நல்லது.

மீதியான எலும்பை மீண்டும் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரில் மறுநாள் கஞ்சி காய்ச்சலாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இரவு முழுவதும் சாற்றை வெளியே வைக்கக் கூடாது. அன்றைக்கே முடித்துவிடுவதுதான் பாதுகாப்பு.

கவனம் தேவைப்படுவோர்

இருதய நோயாளர்களும் இரத்தத்தில் கொழுப்பு அதிகம் உள்ளவர்களும் மேலே மிதக்கும் கொழுப்பையும் மச்சையையும் தவிர்க்க வேண்டும். மூட்டில் யூரிக் அமில நோய் உள்ளவர்களுக்குச் சாறும் இறைச்சியும் வலியைக் கூட்டலாம். கிராந்துருகோட்டை போன்ற விவசாயக் குடியேற்றங்களில் சிறுநீரக நோய் பல குடும்பங்களைத் தொட்டுள்ளது. அந்த நோயாளருக்கு "பலம் வரட்டும்" என்று ஆட்டுக்கால் சூப்புக் கொடுப்பவர்கள், எவ்வளவு புரதம், எவ்வளவு உப்பு என்பதை முதலில் கிளினிக்கில் கேட்டு அறியவேண்டும்.

கைக்கு எட்டாத நாட்களில்

ஆட்டு இறைச்சி வாங்க முடியவில்லை என்று எந்தத் தாயும் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. முட்டையும் நல்ல புரதமே. எலும்பு வளரவேண்டும் என்றால், ஆட்டு எலும்புச் சாற்றைவிட முள்ளோடு உண்ணும் நெத்தலிக் கருவாடு பல மடங்கு சுண்ணாம்புச் சத்துத் தரும். உப்பைக் கழுவி, வறுத்து இடித்துச் சிறுவரின் சோற்றில் தூவலாம். கதிர்காம விரத காலத்தில் மாமிசம் தவிர்க்கும் வீடுகளில் பயறு, கௌப்பி, குரக்கன், பால், கீரை ஆகியவற்றைச் சேர்த்து உண்ணலாம். கிளினிக்கில் திரிபோஷா கிடைத்தால் அது யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் மட்டும் போகட்டும்.

நிலம் சிறிது கிடைத்தவர்கள் வேலியில் சீமைக்கிளுவையும் முருங்கையும் நட்டு இரண்டு பெட்டை ஆடு வளர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம். மொனராகலையின் வறண்ட காலத்திலும் அவை தழை தரும். சினைப்பட்ட ஆடு ஐந்து மாதத்தில் குட்டி ஈனும். தரையிலிருந்து உயர்த்திய, பலகை இடைவெளி விட்ட கொட்டில் போட்டால் சாணம் கீழே சேரும், தோட்டத்துக்கு உரமாகும். தொடங்குமுன் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள்.

அடுத்த தடவை உங்கள் கையில் ஆட்டுக்கால் கூறு வரும்போது, பானையை இறக்கிய பின் ஒரு நிமிடம் நில்லுங்கள். சாற்றை எல்லோருக்கும் ஊற்றுங்கள். இறைச்சியை அகப்பையில் எடுக்கும்போது, முதல் அகப்பை யாருடைய தட்டுக்குப் போகிறது என்று பாருங்கள். வயிற்றில் பிள்ளை உள்ளவளுக்கும், வளரும் பிள்ளைக்கும் அது போகட்டும். உழைத்து வந்த தகப்பனே அதை எடுத்து வைத்தால், அந்த வீட்டில் வேறு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை.